அஞ்சு மணிக் கொம்பு ஊதுறதுக்குள்ள

இல்ல டாக்டர், பெல்ல விடுங்க. பெல் அடிச்சா கதவத் தொறக்க நான்தான் வரணும், நான் இங்க வாசப்படியில உங்க பக்கத்துலயே நிக்கிறேன். அம்மா இன்னும் கேம்ப்லேர்ந்து வரல. கேம்ப்ல அஞ்சு மணிக் கொம்பு ஊதுற நேரத்துக்குத்தான் வரும். உங்கள எத்தன மணிக்கு வரச் சொல்லியிருந்துச்சு? அஞ்சரை. இப்ப நாலரைதான ஆகுது. ஓ, பட்டாளத்துக்காரங்க வீட்டுக்குன்னா முன்னாடியே போகணும்னு படிச்சீங்களா. அது நெசந்தான். ஆனா பத்து நிமிஷம் முன்னாடி, டாக்டர். ஒரு மணி நேரம் முன்னாடி வந்து வாசல்ல நின்னா அதுக்குப் பேரு முற்றுகை.

பரவால்ல, அதுவும் நல்லதாப் போச்சு. சீக்கிரம் வந்ததாலதான் பொழைச்சீங்க. கொஞ்சம் உங்க கார் மறைவுக்கு வாங்க. வாங்கன்னா. எதிர் வீட்ல டக்கெட் சார் புல்லுக்குத் தண்ணி ஊத்துறாரு பாருங்க. நீங்க கார விட்டு எறங்கினதுலேர்ந்து ஒரே எடத்துலயே ஊத்திட்டிருக்காரு. அங்க இந்நேரம் நாத்து நடலாம்.

நான் ஜூனி. ஞாபகம் இருக்குல்ல? எங்க நாய் க்ரேவிக்குப் பல்லு புடுங்க உங்க க்ளினிக்குக் கூட்டிட்டு வந்தோமே, அன்னிக்கு வெளிய பெஞ்சுல உக்காந்து உங்க ரிசப்ஷன் அம்மா குரல்ல அடுத்து யாருங்க, பூனை வச்சிருக்கவங்க எல்லாரும் உள்ள வாங்கன்னு கூப்பிட்டது நான்தான். ஆறு பூனை ஒண்ணா உள்ள வந்துச்சாமே. மன்னிச்சுக்குங்க. ஆனா அந்த அம்மா குரல் அப்படி, மூக்குலேர்ந்து ஆரம்பிச்சு மூக்குலயே முடியும், வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல.

சரி, விஷயத்துக்கு வரேன். எங்கம்மா பட்டாளத்துல சார்ஜென்ட். சாதா சார்ஜென்ட் இல்ல, சார்ஜென்ட்டுங்களத் திட்டுற சார்ஜென்ட். கேம்ப்ல கம்பெனின்னு ஒரு படைப் பிரிவு, நூறு பேருக்கு மேல, அத்தன ஆளுங்களும் காலைல லொரெட்டா ப்ரூயிட் மூஞ்சியப் பாத்துத்தான் இன்னிக்கு நல்ல நாளா கெட்ட நாளானு முடிவு பண்ணுவாங்க. நீங்க நாய் டாக்டரு, மினசோட்டாலேர்ந்து இந்த ஓக்லஹோமா காத்துக்கு வந்து மூணு மாசம் ஆகுது, அந்த அம்மாகூடச் சாப்பிட வந்திருக்கீங்க. அதுக்கு எதுக்கு டாக்டர் தலைலேர்ந்து கால் வரைக்கும் பட்டாள உடுப்பு?

மரியாதைக்கா. ம். சரி. மனசுல இருக்கறது நல்ல எண்ணந்தான், யாரு இல்லன்னா. ஆனா பல் டாக்டர் வீட்டுக்கு விருந்துக்குப் போனா வாயில கம்பி கட்டிட்டா போவீங்க?

இல்ல இல்ல, கார்ல ஏறாதீங்க. போகச் சொல்லல. மாத்திக்கச் சொல்றேன். நீங்க இன்னிக்கு எங்க வீட்டு மேசைல உக்காந்து சாப்பிட்டே ஆகணும். ஏன்னா... காலைலேர்ந்து சில்லி வெந்துட்டிருக்கு. மாட்டுக்கறி, பீன்ஸ் எல்லாம் போட்டு நான்தான் பண்ணேன். அம்மா சமைக்கல. அது ஏன்னு அப்புறம் சொல்றேன்.

இந்தக் கோலத்துல அம்மா உங்களப் பாத்தா கத்தும்னு நெனைக்காதீங்க. கத்தினா தேவல. கத்துறது பிடிச்சவங்களத்தான். உங்ககிட்ட இப்படிப் பேசும், கேளுங்க: வந்ததுக்கு ரொம்ப சந்தோஷங்க. ரோட்ல பாத்துப் போங்க. அவ்வளவுதான். அந்த ங்க விழுந்துச்சுன்னா ஆளு க்ளோஸ். எங்கப்பாகிட்டயே கடைசில அப்படித்தான் பேசுச்சு, இப்ப அவரு எங்கயோ தூரத்துல டாம்பான்னு ஒரு ஊர்ல படகு வித்துட்டிருக்காரு.

என்ன முழிக்கிறீங்க? போன்ல கேட்ட குரல் மாதிரியே இருக்கா? இருக்கும். அம்மாவும் பொண்ணும், ஒரே தொண்டைதான.

மொதல்ல தொப்பியக் கழட்டுங்க. அதுல வெள்ளியா மின்னுதே, அது என்னன்னு நெனைச்சு வாங்கினீங்க? கழுகு. கழுகுன்னு எனக்கும் தெரியுது. பறவைன்னா உங்களுக்குப் பிடிக்குமா. டாக்டர், தொப்பில அந்தக் கழுகு இருந்தா நீங்க கர்னல். இந்தக் கேம்ப்லயே கழுகு குத்தினவங்க கொஞ்சம் பேருதான், அத்தன பேரையும் அம்மாவுக்குத் தெரியும். அம்மா சட்டப்படி வண்டிய விட்டு எறங்கினதும் உங்களுக்கு சல்யூட் அடிக்கணும். நீங்க திருப்பி அடிக்கிற வரைக்கும் கைய எறக்க முடியாது. நீங்க கைல பூவ வச்சுக்கிட்டு நிப்பீங்க. ரெண்டு பேரும் பொழுது சாயுற வரைக்கும் அப்படியே நிக்க வேண்டியதுதான். பூவக் குடுங்க, இந்த பக்கெட்ல வைப்போம்.

ஐயோ, டக்கெட் சார் பைப்பக் கீழ போட்டுட்டாரு. திரும்பாதீங்க. ரிட்டயர் ஆன சார்ஜென்ட் மேஜர் அவரு, முப்பது வருஷ சர்வீசு. அவருகிட்ட மாட்டினவங்கள நான் பாத்திருக்கேன். ஒரு திட்டு கெடையாது, ஒரு மெரட்டல் கெடையாது. பக்கத்துல வந்து நின்னு இப்படிக் கேப்பாரு: தம்பி, எந்த யூனிட்டு? அடடே, அந்த யூனிட்டா. அங்க சமையக்கட்டுல ஒல்லியா ஒருத்தன் இருப்பானே, அவன் பேரு என்ன? மறந்துருச்சா? பரவால்ல, பரவால்ல, வாசக் கேட்டுக்குப் பக்கத்துல ஒரு மரம் நிக்குமே, அது என்ன மரம்? இப்படியே கேட்டுக்கிட்டே இருப்பாரு, ரொம்பப் பாசமா. போன குளிருல பெட்ரோல் பங்க்ல ஒரு ஆளு அவரா சட்டையக் கழட்டிக் குடுத்துட்டு பனியன்லயே வீட்டுக்கு நடந்து போனான்.

இருங்க, நான் சமாளிக்கிறேன். டக்கெட் சார்... ஒண்ணுமில்ல சார்... ஸ்கூல் நாடகம், ஒத்திகை... ஆமா, இவருதான் கர்னல்.

போறாரு, போறாரு. என்ன சொன்னாரா? கர்னலா நடிக்கிறவர வயித்த உள்ள இழுக்கச் சொல்லுன்னாரு.

இப்ப சட்டை. எங்க வாங்கினது? ஊருக்கு வெளில இருக்கே, அந்தப் பழைய துணிக் கடையா. அதான். நல்ல துணிதான், சண்டைக்குப் போயிட்டு வந்த துணி. அதுலதான் சிக்கல். வலது தோள்ல என்ன ஒட்டியிருக்குன்னு பாத்தீங்களா? இடது தோள்ல இருக்கிற சின்னம் நீங்க இப்ப எங்க வேலை பாக்குறீங்கன்னு சொல்றது. வலது தோள்ல இருக்கிறது எந்த யூனிட்டோட சண்டைக்குப் போனீங்கன்னு சொல்றது. அத ஒருத்தர் சும்மா குத்திக்க முடியாது, போயிட்டு வந்திருக்கணும். அம்மா மொதல்ல வலது தோளப் பாக்கும், அப்புறந்தான் மூஞ்சி. உங்க வலது தோள் சொல்லுது நீங்க பாலைவனத்துல சண்டை போட்டுட்டு வந்திருக்கீங்க. இடது தோள் சொல்லுது இப்ப நீங்க கப்பல் ரிப்பேர் பண்றீங்க. தொப்பி சொல்லுது கர்னல். பேண்ட்டு வேற பட்டாளத்தோடது, மணல் கலரு. சட்டை காட்டுக்குள்ள ஒளியுது, கால் பாலைவனத்துல ஒளியுது. நடுவுல பெல்ட்டு மட்டும் மாட்டிக்கும்.

மான் வேட்டைக்குப் போறவங்க போடுற எலை போட்ட சட்டைன்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எங்க சித்தப்பா அதப் போட்டுக்கிட்டே கல்யாணத்துக்கு வந்தாரு. அவரு கல்யாணத்துக்கு. மானுக்கு முன்னாடி யாரு வேணா என்ன வேணா போடலாம். மனுஷங்களுக்கு முன்னாடிதான் இந்தக் கணக்கெல்லாம்.

எனக்கு எப்படித் தெரியும்னா, பட்டுத் தெரிஞ்சதுதான். எட்டாவது படிக்கிறப்ப ஒரு நாள் குளிருதுன்னு அம்மாவோட உடுப்புச் சட்டைய மாட்டிக்கிட்டு குப்பையக் கொண்டுபோய்க் கொட்டினேன். அம்மா ஜன்னல்ல நின்னு பாத்துச்சு. அப்ப போட்டுச்சு பாருங்க ஒரு குரல், தெருவே நிமிந்து நின்னுச்சு: சார்ஜென்ட் ப்ரூயிட், வெளில தொப்பி இல்லாம என்ன பண்றீங்க? பாக்கெட்டுல கை எதுக்கு? முடி காலர்ல படுதே, எப்ப வெட்டப் போறீங்க? குப்பைத் தொட்டிக்கும் வீட்டுக்கும் நடுவுல நான் மூணு சட்டத்த மீறிட்டேன். உள்ள போனதும் சாதாரணமா சொல்லுச்சு, சட்டையப் போட்டா சட்டமும் கூடவே வரும்டி, ஒண்ண மட்டும் எடுத்துக்க முடியாது. அப்புறம் எனக்கு ஒரு கம்பளிக் கோட்டு வாங்கிக் குடுத்துச்சு. ஆரஞ்சுக் கலரு. அதப் போட்டா என்ன விமானத்துலேர்ந்தே பாக்கலாம்.

கழட்டுங்க. உள்ள ஏதாச்சும் போட்டிருக்கீங்கல்ல? ஆ. பனியன்ல மண்டையோடு. வாயில கத்தி வேற. கீழ என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் விரிங்க. நரகத்துல எடமில்ல, அதான் திரும்பி வந்துட்டேன். எங்கேர்ந்து வந்தீங்க, மினசோட்டாலேர்ந்து. கடைக்காரன் சேத்து வாங்கினா சல்லிசுன்னு சொன்னானா. அவன் மூஞ்சி எனக்குத் தெரியும், டாக்டர். அந்தக் கடைல இந்த பனியன் ரெண்டு வருஷமாத் தொங்குது, இந்த ஊர்ல எவனும் தொட மாட்டான்.

கழுத்துல பட்டாளத்துக்காரங்க மாட்டுற மாதிரி பேருத் தகடு வேற. இத எங்க அடிச்சீங்க, பட்டாளத்துலயே இப்படி எழுத மாட்டாங்களே. உங்க க்ளினிக்லயா? நாய்க்கும் பூனைக்கும் அடிக்கிற மெஷின்லயா? உங்க பேரு, நைபெர்க். காணாமப் போனால் இந்த நம்பருக்குக் கூப்பிடவும்.

நான் சிரிக்கல. காத்துல கண்ணு கலங்குது. கழட்டுங்க. கொக்கி மாட்டிக்கிச்சா? சரி, நேரமாகுது, உள்ள தள்ளி விட்டுக்குங்க, தெரியாது.

மாத்துத் துணி என்ன இருக்கு கார்ல? க்ளினிக்ல போடுற நீல உடுப்பா, மேலயும் கீழயும் இருக்கா? அருமை. அது போதும். பூனைக்குட்டிப் படம் போட்டதா. இருக்கட்டும், அது உங்க உடுப்பு, நீங்க சம்பாதிச்சது. பூட்ஸ் அப்படியே இருக்கட்டும், பூட்ஸுக்கு இந்த ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கார் கதவத் தொறந்து வச்சு அது பின்னாடி நின்னு மாத்துங்க. நான் டக்கெட் சார் பக்கம் திரும்பிக்கிறேன்.

மாத்திக்கிட்டே கேளுங்க. அந்தச் சட்டைய சீட்டுல தூக்கி எறியாதீங்க, மடிச்சு வைங்க. நெஞ்சுல பேரு ஒண்ணு தச்சிருக்குல்ல, அதப் படிச்சீங்களா? படிக்கலையா. டூலி. அது சட்டை தச்ச கம்பெனி பேரு இல்ல டாக்டர், அது ஒரு ஆளு.

போன வருஷம் அம்மாவும் நானும் கடைக்குப் போனோம். சாமான் வாங்கிட்டு வரிசையா வரோம், காலைச் சாப்பாட்டு டப்பாவெல்லாம் அடுக்கியிருப்பாங்களே, அந்த எடத்துல காலேஜ் பையன் ஒருத்தன் இதே மாதிரிச் சட்டை போட்டு நிக்கிறான். காதுல பாட்டு. நெஞ்சுல விட்லாக்னு பேரு. அம்மா அவன்கிட்டப் போயி ரொம்ப மெதுவா கேட்டுச்சு, விட்லாக் எப்படி இருக்காப்ல? எனக்கு அந்தக் குரல் வரும், ஆனா இப்ப பண்ணல. அவன் காதுலேர்ந்து ஒயர எடுத்துட்டு, யாருன்னான். உன் நெஞ்சுல எழுதியிருக்கேப்பான்னுச்சு. குனிஞ்சு பாத்துட்டு, ஓ இதுவா, எட்டு டாலர்னான். நல்ல பையன்தான், பாவம், சிரிச்சுக்கிட்டே சொன்னான்.

அம்மா திரும்பி ஒரே மாதிரி டப்பா நாலு எடுத்துத் தள்ளுவண்டில போட்டுச்சு. எங்க வீட்ல அத யாரும் சாப்பிடறதே இல்ல. இன்னும் அலமாரி மேல அப்படியே இருக்கு. விட்லாக் யாருன்னு நான் கேட்டேன். என் கம்பெனில இருந்தான், உன்ன மாதிரியே எல்லார் குரல்லயும் பேசுவான்னுச்சு. இருந்தான்னுச்சு.

அதுக்காகத்தான் சொல்றேன். அம்மாவுக்குக் கோவமெல்லாம் கெடையாது. யாரு பேர நெஞ்சுல போட்டிருக்கீங்களோ அவர நலம் விசாரிக்கும், அவ்வளவுதான். நீங்களும் அந்தப் பையன் மாதிரியே, யாருன்னு திருப்பிக் கேப்பீங்க.

மாத்தியாச்சா? உங்க டாக்டர் பெட்டில கத்தரி இருக்குமே, காயத்துத் தையல் பிரிக்கிற கத்தரி. எடுங்க. அந்தப் பேரப் பிரிச்சுடுங்க. துணிய வெட்டாதீங்க, நூல மட்டும். க்ரேவிக்குப் பிரிச்ச மாதிரியே பண்ணுங்க. மெதுவா. நல்லாப் பிரிக்கிறீங்க டாக்டர், டூலிக்கு வலிச்சிருக்கவே வலிச்சிருக்காது. மடிச்சு உங்க பாக்கெட்டுல வைங்க. சாப்பிட்டு முடிச்சதும் அம்மாகிட்டக் குடுங்க, எங்க கெடச்சுதுன்னு சொல்லுங்க. டூலி யாருன்னு அம்மா விசாரிச்சுக் கண்டுபிடிச்சுடும். அதுல பெரிய கில்லாடி.

க்ரேவி, வெளில வா. வந்துட்டான் பாருங்க, இவ்வளவு நேரம் ஸ்டெப்புக்கு அடில இருந்தான். அந்தக் கழுகுத் தொப்பியப் பாத்து அவனுக்கே பயம். இப்ப பூனைச் சட்டையப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுருச்சு, உங்க காலுக்குப் பின்னாடி வந்து படுத்துக்கிட்டான். பல்லப் புடுங்கினவர்கிட்ட இவ்வளவு பாசமா.

அப்புறம் ஒண்ணு. பட்டாளத்துக்காரங்களப் பாத்தா எல்லாரும் சொல்ற மாதிரி, வாசல்ல நின்னு உங்கள் சேவைக்கு நன்றின்னு ஆரம்பிக்காதீங்க. சொல்ல வந்தீங்கதான? மனப்பாடம் பண்ணிட்டு வேற வந்தீங்களா. சொன்னா அம்மா இப்படிச் சொல்லும்: உங்க வரிப் பணத்துக்கு நன்றி. அதுக்கு மேல பேச்சு ஓடாது. க்ரேவிக்கு என்ன சாப்பாடு போடலாம்னு ஆரம்பிங்க. அதுல உங்க குரலே வேற மாதிரி ஆயிடுது, கவனிச்சிருக்கேன்.

கேக்குதா? கொம்பு. அஞ்சு மணி. கேம்ப்ல கொடி எறக்கப் போறாங்க.

அங்க பாருங்க, தெருமுனைல அந்தப் பச்சை வண்டி நின்னுடுச்சே. அம்மாதான். கொம்புச் சத்தம் கேட்டா எங்க இருந்தாலும் வண்டிய ஓரங்கட்டி எறங்கி நிக்கும். கேம்புக்குள்ளதான் நிக்கணும், வேலிக்கு இந்தப் பக்கம் யாரும் கேக்கப் போறதில்ல. அம்மா நிக்கும். டக்கெட் சாரும் நிப்பாரு, பாருங்க, பைப்ப ஆஃப் பண்ணிட்டாரு. நீங்களும் நில்லுங்க. அம்மா நிக்கிற பக்கமே பாத்து. சல்யூட் மட்டும் அடிச்சுடாதீங்க, அது உங்களுக்கு இல்ல. கைய ரெண்டு பக்கமும் தொங்க விடுங்க. முடியுற வரைக்கும் அசையக் கூடாது. நான் வாய அசைக்காமப் பேசுவேன், எனக்கு வரும்.

நல்லா நிக்கிறீங்க.

டாக்டர், செவ்வாய்க்கிழமை போன்ல உங்ககூடப் பேசினது அம்மா இல்ல. நான்தான்.

அசையாதீங்க. கொம்பு ஊதுது.

நீங்க க்ரேவி பல்லு எப்படி இருக்குன்னு கேக்கத்தான் கூப்பிட்டீங்க. ஸ்கூல்லேர்ந்து கூப்பிடுவாங்களோன்னு நான் எப்பவும் அம்மா குரல்லதான் போன எடுப்பேன், அது ஒரு பழக்கம். பல்லு நல்லாருக்குன்னு சொல்லிட்டு வச்சிருப்பேன். நீங்கதான் இழுத்தீங்க. அது வந்து... ஒரு காபி... எப்பவாச்சும்... உங்களுக்கு நேரம் இருந்தா... இல்லன்னாலும் ஒண்ணுமில்ல... க்ரேவியும் வரலாம். எனக்கே பாவமா போச்சு. காபி குடிக்கிறதில்ல, வெள்ளிக்கிழமை அஞ்சரை, வீட்டுக்கு வாங்கன்னு சொல்லிட்டேன். அம்மா மாதிரிச் சுருக்கமா. அதனால நீங்க வர்றது அம்மாவுக்குத் தெரியாது. சில்லிய நான் பண்ணதும் அதான்.

டம். பீரங்கிதான், பயப்படாதீங்க, வெறும் சத்தம். இப்ப ரெண்டாவது பாட்டு, கொடி எறங்குது. வலது கைய நெஞ்சுல வைங்க. அது வலது இல்ல. ஆ, அது.

அம்மா அங்க சல்யூட்ல நிக்குது. கொம்பு ஊதுற பக்கமும் நம்ம வீட்டுப் பக்கமும் ஒண்ணுதான், அதனால நேரா இங்கதான் பாக்குது. என்ன மூஞ்சி ஒரு மாதிரி ஆகுது?

ஐயையோ. டாக்டர், க்ரேவி உங்க காலுக்குப் பின்னாடி படுத்திருக்கான். அங்கேர்ந்து தெரிய மாட்டான். அம்மா என்ன பாக்குது? நாய் டாக்டரு, க்ளினிக் உடுப்புல, நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு, தலையத் தொங்கப் போட்டு நம்ம வாசல்ல நிக்கிறாரு. பக்கத்துல பக்கெட்ல பூ. க்ரேவி போயிட்டான்னு சொல்ல வந்த மாதிரியே இருக்கு.

இல்ல, அசையக் கூடாது. அம்மாவும் அசையாது. பாட்டு முடியுற வரைக்கும் இப்படித்தான். நீளமாத்தான் இருக்கும் இன்னிக்கு.

அம்மாவோட எல்லாக் குரலும் எங்கிட்ட இருக்கு டாக்டர். கம்பெனியக் கூப்பிடுற குரல், போன் குரல், தூக்கத்துல பேசுற குரல், கடைல விட்லாக்கக் கேட்ட குரல். சிரிப்பு மட்டும் இல்ல. அன்னிக்கு உங்க க்ளினிக்ல நான் வெளிய பூனைங்களக் கூப்பிட்டு விளையாடிட்டிருந்தேன்ல, உள்ள க்ரேவி உங்க ஸ்டெதஸ்கோப்பக் கவ்விட்டு மேசைக்கடில ஓடினான், நீங்களும் பின்னாடியே தவழ்ந்து போனீங்க. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டுச்சு. யாருதுன்னு மொதல்ல தெரியல. பொறந்ததுலேர்ந்து கூடவே இருக்கேன், அம்மா சிரிப்புன்னே தெரியல. வீட்டுக்கு வந்து ராத்திரி பண்ணிப் பாத்தேன், வரல. ஒரு தடவ கேட்டாப் பத்தல.

முடிஞ்சுது. இப்ப நாயத் தூக்குங்க. ரெண்டு கையாலயும். தலைக்கு மேல தூக்குங்க டாக்டர், இன்னும் மேல, வால ஆட்டுறது தெரியட்டும்.

ஓடி வருது. வண்டிக் கதவக்கூட மூடல. டக்கெட் சார் கைதட்டுறாரு, நாடகம்னு நெனைக்கிறாரு.

நின்னுடுச்சு. க்ரேவியப் பாக்குது. பூனைச் சட்டையப் பாக்குது. பூட்ஸப் பாக்குது. உங்க கழுத்துல... டாக்டர், தகடு வெளில வந்துருச்சு. மறைக்காதீங்க, விடுங்க, படிக்குது. காணாமப் போனால்...

ஷ்ஷ். நீங்க ஒண்ணும் பேசாதீங்க. அந்தச் சத்தம் வருது, நான் கேட்டுக்கிறேன்.